களத்து மேட்டில் ஒரு தேன்பெட்டி

தேனுக்கு ஆசைப்பட்டு நான் தேனீ வளர்க்கவில்லை. அப்போது எங்கள் வீட்டில் ஆறு வருஷமாக ஒரே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கு. காலையில் காபியோடு வழக்கு, ராத்திரி மோர்சாதத்தோடு வழக்கு. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு, வரப்பிலும் வாய்க்கால் கரையிலுமாக இரண்டு மைல் நடந்து வீட்டுக்கு வந்தால், வக்கீல் இன்றைக்கு என்ன சொன்னார் என்பது எனக்கு முன்னால் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும். என்னிடம் எதையும் சொல்லாத, என்னிடமிருந்து எதையும் கேட்காத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. நாய் வளர்த்தால் குரைக்கும். பூனை வளர்த்தால் காலைச் சுற்றும். தேனீ அதன் பாட்டுக்குப் போகும், வரும் என்று நினைத்தேன்.

வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். நன்னிலத்துக்குப் பக்கத்தில் என் கணவருக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. அதை இரண்டு தலைமுறையாக ஒரு குடும்பம் குத்தகைக்கு உழுதுவந்தது. சட்டம் வந்தது, குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்தார்கள். அப்புறம் இன்னொரு சட்டம் வந்தது. மிராசுதாரர் மனையில் குடியிருந்தவர்களுக்கு அந்த மனையையே பட்டா போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரே, எங்கள் களத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. வீட்டுக்குப் பட்டா வந்துவிட்டது. வீட்டுக்கு எதிரே நெல் அடிக்கிற களம், இருபது குழி இடம், அது யாருக்கு என்பதுதான் பாக்கி.

நிலத்தைக்கூட என் கணவர் மனசில் எழுதிக் கொடுத்துவிட்டார். களத்தை விடுவதாக இல்லை. தீர்ப்பு வந்த மறுநாளே முள்வேலி போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போட்டால் அவர்கள் வாசற்கதவு வேலியைப் பார்த்துத்தான் திறக்கும். தெருவுக்கு வர வாய்க்கால் கரையைச் சுற்ற வேண்டும். ஐப்பசி மழையில் அந்தக் கரையில் முழங்கால் அளவு சேறு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் அதைச் சொன்னால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள். பக்கத்தில் இருந்து பார்க்கிறவளைப் பற்றி எந்தப் பழமொழியும் இல்லை.

வழக்காடும் வீடுகள் எங்கள் பக்கத்தில் பேசிக்கொள்வதில்லை. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. ஆனால் ஒரே வாய்க்கால், ஒரே பாதை, ஒரே களம். சேதி போய்ச் சேராமல் முடியுமா? அதனால் ஆடுமாட்டிடம் சொல்வோம். அவர்கள் வீட்டில் ஒரு கறுப்பு ஆடு, எங்கள் வீட்டில் ஒரு பசு. அந்த வீட்டுக்காரி ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொல்வாள்: "ஏ ஆடே, நாளைக்கு வாய்க்கால்ல தண்ணி விடறாங்களாம். கரையில காயற வரட்டிய எடுத்து உள்ள வெச்சுக்க." ஆட்டுக்கு எதற்கு வரட்டி? நான் போய் எடுத்து வைப்பேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பசுவிடம் சொல்வேன். அந்த வீட்டுக்காரியும் நானும் ஒரே தை மாதத்தில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். வழக்குக்கு முன்னால் ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்த்துவிட்டிருக்கிறோம். ஆறு வருஷமாக ஆடும் மாடும்தான் பேசிக்கொண்டன.

தேனீ வளர்ப்பு பற்றிச் சொன்னவர் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு அலுவலர். கிராமத் தொழில்களைப் பரப்பும் வேலை அவருக்கு. "கொல்லையில தென்னை இருக்கா டீச்சர்? அப்ப வருஷம் பூரா பூ இருக்கு. தைரியமா ஆரம்பிங்க," என்றார். ஒரு பெட்டியும், படம் போட்ட சின்னப் புத்தகம் ஒன்றும் கொடுத்தார். பெட்டியைப் பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு வந்தேன். கீழ் அறையில் தேனீக்கள் குஞ்சு பொரிக்கும், மேல் அறையில் தேன் சேர்க்கும். உள்ளே அடை கட்ட மரச்சட்டங்கள். கொல்லையில் கிணற்றடி வேப்ப மரத்து நிழலில் வைக்கலாம் என்று இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

என் கணவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூடியைத் திறந்து பார்த்தார். நான் செய்கிற காரியம் ஒன்றில் அவருக்கு அக்கறை வந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இதைக் களத்து மேட்டுல வை," என்றார்.

"அங்க நிழலே இல்லீங்களே."

"அனுபோகம் தெரியணும்னு வக்கீல் சொல்றார். நம்ம சாமான் ஏதாவது அங்க நிக்கணும். வைக்கோல் போர் போட்டா ராத்திரில கொளுத்திடுவான். கன்னுக்குட்டியைக் கட்டினா அவுத்து விட்டுடுவான். தேனீப் பெட்டியை எவன் தொடுவான், சொல்லு?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சாயங்காலம் ஆறு மணி, காலெல்லாம் வலி, இன்னும் உலை வைக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். அப்படி நான் சொன்ன சரிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் என் ஆயுளில் பாதி திரும்பக் கிடைக்கும்.

பெட்டியை ஒரு நாலுகால் சட்டத்தின் மேல் ஏற்றி, எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். புத்தகத்தில் சொன்னபடி உள்ளே தேன்மெழுகு தடவினேன். நாலு மாதம் ஒரு ஈகூட வரவில்லை. பல்லி வந்தது. கொட்டாங்கச்சித் தண்ணீர் வற்றிய ஒரு நாள் கட்டெறும்பு வந்தது. இதற்குள் அடுத்த மனுவில் "மேற்படி களத்தில் மனுதாரர் தேனீப் பண்ணை நடத்தி அனுபவித்து வருகிறார்" என்று ஏறிவிட்டது. காலிப் பெட்டியைப் பண்ணையாக்குவதற்கு வக்கீலால்தான் முடியும்.

தை பிறந்த இரண்டாவது வாரம். நான் கொட்டாங்கச்சிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்காரி ஆட்டைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஏ ஆடே, கேட்டியா. கொல்லைல கவுத்து வெச்ச ஓட்டப் பானைக்குள்ள தேனீ குடிவந்திருக்கு. எங்க வீட்டு ஆளு புகை போட்டுக் கொளுத்திடலாம்னு நிக்கிறாரு. பாவமா இருக்கு. யாருக்காச்சும் தேவைப்பட்டா நாளைக்கு விடியறப்ப இங்கதான் கிடக்கும்."

மறுநாள் விடியும்போது பெட்டிக்குப் பக்கத்தில் பானை இருந்தது. பழைய புடவைத் துணியால் வாயைக் கட்டியிருந்தாள். உள்ளே உர்ரென்று சத்தம்.

புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நானே இறங்கினேன். தேங்காய் நாரில் புகை போட்டேன். பானையை உடைத்து, அடைகளைக் கத்தியால் அறுத்து, வாழைநாரால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். மற்றவற்றைவிட நீளமாக, கறுத்து, அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்த ராணியைக் கண்டுபிடித்து, தீப்பெட்டியில் தள்ளிக் கொண்டுபோய் உள்ளே விட்டேன். அரை மணியில் மற்றதெல்லாம் வரிசையாக வாசல் துவாரத்துக்குள் ஏறின. எனக்கு ஐந்து இடத்தில் கொட்டு. உதடு வீங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அன்று முழுக்க ஒரு பிள்ளையும் என் முகத்தைப் பார்த்துப் பாடம் சொல்லவில்லை. இருந்தாலும் சந்தோஷம் தாங்கவில்லை. நன்றி என்று சாயங்காலம் பசுவிடம்தான் சொல்ல முடிந்தது. உரக்கச் சொன்னேன். எதிர் வீட்டில் முறத்தில் புடைக்கும் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது.

அதற்கப்புறம் இரண்டு மாதம், நாளில் ஒரு மணி நேரம் எனக்கென்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். காலில் மஞ்சள் உருண்டை ஒட்டிக்கொண்டு கனத்தோடு வந்து இறங்கும், வாசலில் நின்று மூச்சு வாங்குவது போல இருக்கும், உள்ளே போகும். நானும் அப்படித்தான் வீட்டுக்கு வருகிறேன் என்று தோன்றும். பங்குனியில் அவர்கள் உழுகிற நிலத்தில் எள் பூத்தது. என் தேனீக்கள் முழுக்க அங்கேதான் போயின. எதிர்மனுதாரரின் பூவில் குடித்துவிட்டு மனுதாரரின் பெட்டியில் கொண்டுவந்து இறக்கின. இதை வக்கீலிடம் சொல்ல வேண்டாமென்று வைத்துக்கொண்டேன்.

எள்ளில் புழு விழுந்தது அந்தப் பங்குனிக் கடைசியில்தான். ஒரு சாயங்காலம் அவள் ஆட்டை என் பெட்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு கிட்டத்தில் வந்ததே இல்லை.

"ஏ ஆடே, நல்லா காதுல வாங்கிக்க. நாளைக்குக் காலையில எள்ளுக்கு மருந்து அடிக்கிறாங்க. இவர்கிட்ட ரெண்டு நாளு பொறுக்கச் சொல்லிப் பார்த்துட்டேன், தெளிப்பானு வாடகைக்கு வந்தது, திரும்பக் குடுக்கணும்கறாரு. அந்தப் பூவுல வாய் வெச்சா எதுவும் பொழைக்காது. நாளைக்கு ஒரு நாள் வெளிய விடாம வெச்சிக்க."

ஆட்டுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

புத்தகத்திலும் அதுதான் இருந்தது. மருந்து தெளிக்கும் நாளில் பொழுது சாய்ந்ததும் வாசலை அடைத்து, பெட்டியை நிழலுக்குக் கொண்டுபோய், ஈரச்சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். நான் பெட்டியைத் தூக்கப் போனேன். என் கணவர் வந்து நின்றார்.

"எங்க தூக்கறே?"

சொன்னேன்.

"நாளன்னிக்குக் காலையில தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. களத்தைப் பார்வையிட வர்றார். பெட்டி இங்கேயிருந்து ஒரு அடி நகரக் கூடாது."

"ஒரே ஒரு நாளுங்க. நாளைக்கு ராத்திரியே திரும்பக் கொண்டாந்து வெச்சிடலாம்."

"நீ நகர்த்துற நேரத்துல அவன் இடத்தைப் பெருக்கிச் சாணி தெளிச்சுடுவான். ஆறு வருஷம், நினைப்பிருக்கா? பூச்சிக்காகப் பூமியை விடச் சொல்றியா?"

மறுநாள் எனக்கு விடுப்பு எடுக்கவும் வழியில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு ஆய்வு. கல்வி அதிகாரி வருகிறார். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, தேனீயெல்லாம் அடைந்த பிறகு வாசலில் ஈரத்துணியைச் சுருட்டி அடைத்தேன், மேலே ஒரு நனைத்த சாக்கைப் போட்டேன், களத்து மேட்டிலேயே விட்டுவிட்டேன். ஒரு நாள்தானே, தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பங்குனி வெயில் எனக்குத் தெரியாதா? கீற்றுக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே தலை சுற்றுகிற வெயில்.

பதினோரு மணிக்கே என் மனசு அங்கே போய்விட்டது. சாக்கு இந்நேரம் காய்ந்திருக்கும். துணி அடைத்த பெட்டிக்குள் காற்று போகாது. மெழுகு உருகி, அடை இற்று விழுந்தால் எல்லாம் தேனிலேயே மூழ்கிச் சாகும். கல்வி அதிகாரி என் வகுப்பில் ஒரு பையனிடம் பதினாறாம் வாய்பாடு கேட்டார். அவன் முழிக்க, நானும் முழித்தேன். மூன்றரை மணிக்கு அவர் ஜீப் கிளம்பியதும் நான் ஓட்டமும் நடையுமாக வந்தேன். முப்பத்தெட்டு வயசில் வரப்பில் ஓடினால் எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டாம்.

களத்து மேட்டில் ஒரு பந்தல் இருந்தது.

நாலு மூங்கில் நட்டு, மேலே பச்சைத் தென்னங்கீற்று போட்டிருந்தது. அதன் நிழலில் என் பெட்டி, சொட்டச் சொட்ட நனைந்த சாக்கோடு. என் ஈரத்துணி தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஒரு கம்பி வலைத்துண்டு, நாலு ஆணி அடித்து. எள் சலிக்கிற சல்லடையை வெட்டி அடித்திருக்கிறாள். காற்று போகும், தேனீ வெளியே வராது. அவள் பந்தல் காலில் சாய்ந்து, பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். வலது கை கொட்டுப்பட்டு முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது. ஆடு பக்கத்தில் கீற்றைத் தின்றுகொண்டிருந்தது.

"ஏ ஆடே," என்றாள், என்னைப் பார்க்காமல். "படிச்சிருந்தா மட்டும் போதுமா? வாயில துணிய அடைச்சு வெயில்ல போட்டா எந்த ஜீவன்தான் பொறுக்கும்?"

நான் பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே சத்தம் இருந்தது. முன்பைவிடக் குறைவு, ஆனால் இருந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பசுவும் பக்கத்தில் இல்லை, எதையும் சொல்ல முடியவில்லை. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் கணவர் பந்தலைப் பார்த்தபோது கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூங்கிலை ஆட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நல்லதாப் போச்சு. பெட்டியோட பந்தலும் இருந்தா பண்ணை மாதிரியே இருக்கு. நாளைக்கு ஆர்.ஐ. கேட்டா நாம போட்டதுன்னு சொல்லிடு," என்றார்.

காலை எட்டரைக்கு ஆர்.ஐ. சைக்கிளில் வந்தார். கூடவே சங்கிலியோடு தலையாரி. களத்தை அளந்தார்கள். அவளும் அவள் கணவரும் அவர்கள் வாசலில் நின்றார்கள். அவள் கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஆர்.ஐ. பந்தலுக்கு வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த நிழலிலேயே நின்றார்.

"பெட்டி யாருது?"

"நம்மளுதுங்க," என்றார் என் கணவர்.

"பந்தல்?"

"அதுவும் நாங்க போட்டதுதாங்க."

அவள் கணவருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அது நாங்க போட்ட பந்தல்யா. நேத்து மத்தியானம் எங்க கொல்லை மூங்கில்ல வெட்டினது," என்றார்.

"எதிராளி பெட்டிக்கு நீ எதுக்குய்யா பந்தல் போடுறே?" என்று கேட்டு ஆர்.ஐ. சிரித்தார். தலையாரியும் சிரித்தார். அவள் கணவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் சொல்லக் கேட்டால் பொய் போலத்தான் இருந்தது.

ஆர்.ஐ. என் பக்கம் திரும்பினார். "நீங்க டீச்சராம்மா? நீங்க சொல்லுங்க, எழுதிக்கறேன். யாரு போட்டது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆறு வருஷம் இருந்தது. எத்தனையோ வாய்தாவுக்குக் காலை ஐந்து மணிக்கு நான் கட்டிக்கொடுத்த தயிர்சாதம் இருந்தது. நான் தைரியசாலி இல்லை. தர்மத்துக்காக நின்றேன் என்றெல்லாம் பின்னால் சிலர் சொன்னார்கள், அதுவும் இல்லை. இன்னொரு பொய்யைச் சொல்லி அதை ஆயுசுக்கும் நினைவில் வைத்துக் காப்பாற்றுகிற தெம்பு எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

"பந்தல் அவங்க போட்டதுதாங்க," என்றேன். "அந்தம்மா கையைப் பாருங்க, தேனீ கொட்டி வீங்கியிருக்கு. பெட்டி எங்களுது. கொல்லையில வைக்க வேண்டியதை வழக்குக்காக இங்க கொண்டாந்து வெச்சோம். இது அவங்க வீட்டு வாசல்தாங்க."

ஆர்.ஐ. எழுதினதைப் படித்துக்காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் போடுவது போலவே போட்டேன். நிமிர்ந்தபோது என் கணவர் அங்கே இல்லை.

சைக்கிள் போன பிறகு அவள் களத்தைத் தாண்டி என்னிடம் வந்தாள். ஆடு அவள் கையில் இல்லை.

"டீச்சரம்மா, மருந்து நெடி இன்னும் இருக்கு. சாயங்காலமா வலையைப் பிரிச்சா போதும்," என்றாள்.

சரி என்றேன். நேருக்கு நேர் பேசும் பழக்கம் இருவருக்கும் விட்டுப்போயிருந்தது.

பெட்டியைக் கொல்லைக்குக் கொண்டுவந்து வேப்ப மரத்து நிழலில் வைத்தேன். பாதித் தேனீ செத்திருந்தது. சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், காத்திருந்தேன். ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் பெட்டி காலி. மிச்சமிருந்ததைக் கூட்டிக்கொண்டு ராணி எங்கேயோ போய்விட்டது. இடம் பிடிக்காவிட்டால் அவை அப்படித்தான் போய்விடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அடுத்த வருஷம் வேறு கூடு கிடைத்தது, வளர்த்தேன், தேனும் எடுத்தேன். அந்த முதல் கூட்டின் தேனை ஒரு சொட்டுகூட நான் ருசி பார்க்கவில்லை.

களம் அவர்களுக்குப் போனது. வேலி வரவில்லை.

ஆர்.ஐ. வந்துபோன அன்று ராத்திரி நான் தட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். தொழுவத்தில் என் கணவர் குரல் கேட்டது. பசுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னிக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நாலு வருஷம் போனது. சட்டை வெளுக்க வேண்டும், ஊருக்குப் போகிறேன், காய்ச்சலாக இருக்கிறது, எல்லாம் பசுவுக்குத்தான். நானும் பசுவிடமே பதில் சொன்னேன். எதிர் வீட்டுக்காரி என்னிடம் வாய் ஓயாமல் பேசினாள். என் வீட்டில் மாடு மட்டும்தான் பேச்சுக்கு ஆளாக இருந்தது.

அந்தப் பசு ஒரு ஆவணி மாதம் செத்துப்போனது. கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தோம். மண்ணைத் தள்ள எதிர் வீட்டுக்காரரும் வந்தார். எல்லோரும் போன பிறகு என் கணவர் காலித் தொழுவத்தில் கட்டுத்தறிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. பிறகு உள்ளே வந்து, அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"காபி இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. களைப்பாக இருந்தது. பால் இல்லை, கடுங்காபிதான் போட முடியும் என்று அவரிடமே சொன்னேன்.